பல் டாக்டர் வீட்டு நீச்சல் குளம்

குளிர்காலம் தொடங்கிய அன்றே பல் டாக்டர் ஒரு சபதம் எடுத்தார். என்ன ஆனாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீச்சல் குளத்தை இந்த வருஷம் தார்ப்பாய் போட்டு மூடுவதில்லை!

ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி அதட்டுகிறவர் அவர். வீட்டு வாசற்படியை மிதித்தால் அவருடைய வாய் தானாக மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவர் அன்று மனைவிக்கு எதிரே நின்று வாயைத் திறந்தார்.

"மூடக் கூடாது!"

"எதை? வாயையா?"

"குளத்தை! பாப்பா லீவுக்கு வந்தா நீந்த வேண்டாமா?"

"வரேன்னு சொன்னாளா?"

டாக்டர் வலையை எடுத்துக்கொண்டு இலை அள்ளப் போய்விட்டார்.

ஒரே மகள். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருந்தாள். அவளுடைய நீச்சல் கண்ணாடி பின்கதவு ஆணியில் இன்னும் தொங்கியது. அவளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வயிற்றுக்கடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே நடப்பார். "கையை எடுத்துடாதீங்கப்பா!" என்று கத்துவாள். ஒருநாள் மெல்ல எடுத்துவிட்டார். அவள் கவனிக்காமல் நீந்திப் போனாள். அந்தக் கை அன்றிலிருந்து சும்மாவே இருப்பதுபோல் இப்போதெல்லாம் அவருக்குத் தோன்றும்.

கடுங்குளிர் என்றால் கவலையில்லை, பாசியும் சேர்ந்து தூங்கிவிடும். இது மிதமான குளிர். மதியத்து இளவெயில் போதும், பாசி குஷியாக வளரும். அதனால் தினமும் தண்ணீரை வடிகட்டும் பம்பை ஓடவிட்டார். குளோரின் போட்டார். டைல்ஸ் இடுக்குகளை, பல்லிடுக்கில் காரை எடுப்பதுபோல் பிரஷ்ஷால் சுரண்டினார். தண்ணீர் பளபளத்தது. உடனே படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். இதைப் பார்த்த பிறகும் வராமல் இருப்பாளா?

மகள் போனில் கூப்பிட்டாள். "சூப்பர்ப்பா! தண்ணியப் பார்த்தாலே நீங்க நல்லா இருக்கீங்கன்னு தெரியுது. எனக்குக் கவலையே இல்ல. இந்த லீவு வேண்டாம், அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்."

மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நேரத்தில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் டாக்டருக்கு அது தெரியவில்லை.

அடுத்த வாரம் தண்ணீர் லேசாகப் பச்சையானது. அதற்கடுத்த வாரம் கீரை அரைத்துக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. டாக்டர் இன்னும் குளோரின் கொட்டினார். சவரம் செய்ய மறந்தார். கிழிந்த ஸ்வெட்டரோடு மதில் ஓரம் போய்ப் பக்கத்து வீட்டு வக்கீலிடம் சண்டை போட்டார்.

"உங்க மரத்தாலதான் சார் எல்லாம்!"

"என் மரம் இலைதான் போடும் டாக்டர். சாயம் போடாது."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியவரை மனைவி போனில் படம் எடுத்தாள்.

"எதுக்கு இப்ப போட்டோ?"

"சும்மாதாங்க. வலையோட நிக்கறப்ப அழகா இருக்கீங்க."

அழகு என்ற வார்த்தையைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது. டாக்டர் தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்குள் அவள் எடுத்து முடித்திருந்தாள்.

இவ்வளவு குளோரின் கொட்டியும் தண்ணீர் ஏன் பச்சையாகிறது என்று பிறகுதான் சந்தேகம் தட்டியது. மறுநாள் மதியம் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். மனைவி அசைந்து அசைந்து வந்தாள். பம்ப் பெட்டியைத் திறந்தாள். டிக்!

"பிடிச்சுட்டேன்!" என்று பாய்ந்தார் டாக்டர்.

"மெதுவா. துவைச்ச போர்வை மண்ணுல விழுது பாருங்க."

"பம்பை அணைக்கறது நீதானா? குளத்தை மூடறதுக்கு இப்படி ஒரு சதியா?"

அவள் வாயைத் திறக்குமுன் வாசல் கேட் கிரீச்சிட்டது. தோளில் பையோடு மகள் ஓடிவந்தாள்.

"அப்பா! உடம்புக்கு என்னப்பா? அம்மா அனுப்பின போட்டோவுல தாடியும் கிழிஞ்ச ஸ்வெட்டருமா நிக்கறீங்க. குளம் வேற பச்சை பச்சையா! நீங்க அதை அப்படி விடற ஆளே இல்லையே! அம்மாகிட்டக் கேட்டா, 'ஒண்ணுமில்லடி'ன்னு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான் சொன்னாங்க. லீவு போட்டுட்டுக் கிளம்பி வந்துட்டேன்."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் போர்வையை உதறிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "சுத்தமான தண்ணியப் பார்த்து யாருங்க பதறிக்கிட்டு ஓடி வருவாங்க?"

லீவு முழுக்க அப்பாவும் மகளும் பாசி தேய்த்தார்கள். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். இரண்டு முறை டாக்டர் வழுக்கி விழுந்தார். மகள் ஊருக்குக் கிளம்பும் நாளன்று தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது.

"ஒரு தடவை நீந்தேன், பாப்பா."

"இந்தக் குளிர்லயா? விளையாடறீங்களாப்பா!"

காலை மட்டும் நனைத்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து காலை நனைத்தார். எழுந்திருக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சற்று நேரத்தில் பேருந்தேறிப் போயும் விட்டாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பளிங்கு மாதிரித் தண்ணீர். எரிச்சலாக வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவியைக் காணோம். ஒரு முறையாவது அவளை முந்திவிட வேண்டும்! பூனைபோல் நடந்து போய்ப் பம்ப் பெட்டியைத் திறந்து, சுவிட்சில் கை வைத்தார்.

அது ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தது.