தையல்காரர் கிட்டார் எடுத்த கதை

முதல் கிட்டாரே கிர்ரென்றது. தையல்காரர் தந்தியை மறுபடி மீட்டினார். மறுபடியும் கிர்ர்.

"அண்ணே, இது இரையுது."

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைக்காரர் துள்ளி எழுந்தார். "ஒரே தட்டுல கண்டுபிடிச்சிட்டீங்களே!"

தையல்காரருக்கு உச்சி குளிர்ந்தது. கடைக்காரர் நல்ல ரசிகர் போலிருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை மகளின் பள்ளி ஆண்டு விழா. 'எங்கப்பா கிட்டார் வாசிப்பார்' என்று அவரைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். வீட்டிலிருந்த பழைய கிட்டாரோ, மைத்துனர் அதன்மேல் உட்கார்ந்ததில் போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில், கழுத்தில் கிடந்த அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

சுவரில் வரிசையாகக் கிட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கியது. அதை அவர் திருப்பிப் பார்க்கவில்லை. விலையைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பது அவர் கொள்கை.

இரண்டாவதை எடுத்து, கண்ணை மூடி, துணியைத் தடவுவதுபோல் அதன் கழுத்தைத் தடவினார். "வளைஞ்சிருக்கு."

"அடேங்கப்பா! வெறும் கையாலேயே!"

மூன்றாவதில் விரிசல். நான்காவதில் தந்தி தொளதொளவென்று கிடந்தது. சரி செய்கிறேன் பேர்வழி என்று முறுக்கினார். டிங்! தந்தி அறுந்து தொங்கியது.

"ஐயையோ!"

"பழைய தந்திதானே, விடுங்க."

"என்னண்ணே, ஒண்ணுகூட உருப்படியா இல்லையே?"

"உங்க கையில மாட்டினா எதுதான் தப்பும்?" என்ற வழுக்கைத்தலைக்காரர், தயங்கித் தயங்கி ஸ்டூலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். "இதைக் கொஞ்சம் பாருங்க. இதுன்னா எனக்கு உயிர்."

தையல்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நல்ல சரக்கைக் கடைசியில்தான் எடுத்துப் போடுவார்கள் என்பது துணிக்கடைகளில் அவர் கண்டது.

மடியில் வைத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. மீட்டினார். நாதம் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. மேடை தெரிந்தது, முதல் வரிசையில் மகள் கை தட்டுவது தெரிந்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதாண்ணே! ஒரு குறையும் இல்ல!"

"நிஜமாவா? வீட்ல எல்லாரும் இது அழுவுதுன்னு சொல்றாங்களே!"

"அழுவுதா? பாடுதுண்ணே, பாடுது!"

வழுக்கைத்தலைக்காரர் அவரைக் கட்டியே பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் பர்ஸை எடுத்தார்கள். ஒரே நேரத்தில் கேட்டார்கள்:

"நான் எவ்வளவு தரணும்?"

உள் அறையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் சத்தம் நின்றது. கதவைத் திறந்துகொண்டு, பசை ஒட்டிய கைகளோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"யார் சார் நீங்க ரெண்டு பேரும்? கிட்டார் விக்கிற கடை மாடியில. இது ரிப்பேர் கடை, ரிப்பேர் பண்றது நான்."