ஆவி போகும் ஓட்டை

ஆவிக்கு வஞ்சிரம் வறுவல் பிடிக்கும் என்பது திருவொற்றியூருக்குப் போன மாதம்தான் தெரிந்தது. கண்டுபிடித்தவர் பெட்டிச் சாமியார். அதற்கு முந்தைய மாதம் வரை செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்த குணசேகரன்.

கறி, மீனை வெளியே எடுத்துப் போனால் ஆவி அண்டும் என்று கூடவே ஒரு கரித்துண்டைப் போடுவது ஊர் வழக்கம். சாமியார் அதை நவீனமாக்கினார். பைக்கில் போகும் பார்சலில் பாதி வழியில் ஆவி ஏறி மொறுமொறுப்பை உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் வறுவல் சொதசொதவென்று போய்ச் சேருகிறது. பரிகாரம், அவர் மந்திரித்த அட்டைப்பெட்டி. உள்ளே கரிப்பொட்டு. மூடியில் ஒன்பது ஓட்டை, கிரகத்துக்கு ஒன்று.

விடிந்ததும் வரிசை தெருமுனை வரை நின்றது. ஏறுகிற ஆவி ஹெல்மெட் போடுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் புஷ்பவல்லியும் இருந்தாள். வீட்டிலேயே மீன் வறுத்து ஆப் மூலம் விற்பவள். அடுத்தடுத்து ஒற்றை நட்சத்திரம். இன்னும் நான்கு புகார் வந்தால் கடையைத் தூக்கிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்திருந்தது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவை விட்டு மந்திரப் பெட்டிக்கு மாறினாள். புகார் நின்றது.

கொடுமையே இதுதான். பெட்டி வேலை செய்தது. பொய்யன் கையில் ஓர் உண்மை சிக்கினால் லேசில் விடமாட்டான். மந்திரத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள், மிச்சத்தைக் கொளுத்திவிட்டுப் புதிது வாங்கு என்றார் சாமியார். மீனைவிடப் பெட்டி விலை ஏறியது. புஷ்பவல்லி அடுப்பையே அணைத்துவிடலாமா என்று யோசித்தாள்.

பக்கத்து வீட்டு ஜெஸ்லினுக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, இது எங்க கம்பெனி பொட்டி. சூடா வைக்கிற அயிட்டத்துக்குன்னே ஓட்ட போட்டுதான் வருது. எல்லாத்துலயும் ஒம்போதுதான். மிஷினுக்கு இன்னா கிரகம் தெரியும்?"

புஷ்பவல்லி நம்பவில்லை. நட்சத்திரம் போனால் யார் தருவது?

மறுநாள் வரிசைக்கு நடுவே போய் நின்று ஜெஸ்லின் கேட்டாள், ஓட்டையை அடைத்தாலும் மந்திரம் பலிக்குமா என்று. ஊரே பார்க்கிறது. சாமியார் நெஞ்சை நிமிர்த்தினார்.

"மந்திரத்துக்கு ஓட்ட எதுக்கும்மா? அது கல்லையே தொளைக்கும்."

அது போதும். மந்திரப் பெட்டி ஒன்றில் ஒன்பது ஓட்டையையும் டேப் போட்டு ஒட்டினாள். கம்பெனியிலிருந்து நேராக வந்த, யாரும் முணுமுணுக்காத பெட்டி ஒன்றை அப்படியே விட்டாள். இரண்டிலும் புஷ்பவல்லி கொதிக்கக் கொதிக்க வறுவல் வைத்தாள். டெலிவரிக்காரன் தமீம் இரண்டையும் எடுத்துக்கொண்டு எம்.கே.பி. நகர் வரை போய்த் திரும்பினான்.

மந்திரிக்காத பெட்டியிலிருந்து ஒரு துண்டைத் தமீம் கடித்தான். சத்தம் வரிசையின் கடைசி ஆள் வரை கேட்டது. மந்திரப் பெட்டியில் மீன் துவண்டு கிடந்தது. கரிப்பொட்டு கரைந்து அதன்மேல் கறுப்பாக வழிந்திருந்தது. இத்தனை நாளும் லேசாக ஒட்டிய கரியை வாடிக்கையாளர்கள் சுரண்டிவிட்டுத்தான் தின்றார்கள் என்று தமீம் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

சாமியார் அசரவில்லை. "ஆவி உள்ள மாட்டிகிச்சு. வெளிய போவ வழி இல்லாம அழுதுகினு கீது."

ஜெஸ்லின் மந்திரப் பெட்டியின் மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் தட்டினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"நீ சொன்னது நெசம்தான் சாமி. ஆவிதான். ஆனா இது சோத்துப் பானைல வர்ற ஆவி. வழி வுட்டா போயிரும், மூடி வெச்சா மீன் மேலயே சொட்டும். இதுக்கு நீ எதுக்கு நைனா?"

வரிசை சிரிக்க ஆரம்பித்தது. சாமியார் தண்ணீரை வேட்டியில் துடைத்துக்கொண்டு நழுவினார்.

புஷ்பவல்லி இப்போது கரியில்லாத பெட்டியை நேராகக் கம்பெனியிலேயே வாங்குகிறாள். நட்சத்திரம் குறையவில்லை. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கும் அவள் வீட்டு பிளாஸ்டிக் டப்பா இப்போது போவதில்லை.

ஆனால் அன்று வரிசையில் நின்ற ஒருவர் ஜெஸ்லினைத் தனியாக அழைத்து, உங்கள் கம்பெனியில் மந்திரிப்பது எந்தச் சாமி என்று விசாரித்தார். பெட்டிக்கு ஓட்டை போட மிஷின் இருக்கிறது. மண்டையின் மூடியை அவரவர்தான் திறக்க வேண்டும். இறுக்கி மூடியே வைத்தால் ஊசிப்போவது மீன் மட்டுமல்ல.