கைத்தூக்கண்ணன் கடல் பார்த்த நாள்

வயித்துல சோத்துப் பொட்டலத்தைக் கட்டிக்கிட்டு, விடிஞ்சதுலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அஞ்சு மாசக் கர்ப்பிணி மாதிரி நடந்த ஆம்பிளை இந்த மலாயாவுல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். அந்தக் கூத்தைச் சொல்லணும்னா முதல்ல கைத்தூக்கண்ணனைச் சொல்லணும். அவரை மாதிரி ஒரு மனுஷன் அதுக்கு முன்னால பிறந்ததில்ல. அப்புறம் பிறக்கறதுக்கும் யாருக்கும் தைரியம் வரல.

அப்ப அவசர காலம். காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்ட்காரங்களுக்குச் சாப்பாடு போயிடக் கூடாதுன்னு, ரந்தாவ் பக்கத்துல எங்க ரப்பர் தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட்டு வச்சிருந்தாங்க. ஒரு பிடி சோறு அந்தக் கேட்டைத் தாண்டினாப் போதும், கொண்டு போனவனை ஜெயிலுக்கு அனுப்பிருவாங்க. கேட்டுல நின்னு எல்லாரையும் தடவிப் பார்த்து அனுப்புற ஸ்பெஷல் போலீஸ்தான் நம்ம ஆளு. அப்பா அம்மா வச்ச பேரு யாருக்கும் தெரியாது. வாயைத் தொறந்தா "கையத் தூக்கு!" அதுவே பேராயிருச்சு.

நேர்மைன்னா அப்படி ஒரு நேர்மை. டியூட்டி முடிஞ்சு வெளிய கிளம்பினா, தன் கையைத் தானே தூக்கி, இன்னொரு கையால தன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் கேட்டைத் தாண்டுவாரு. திருவிழாவுல மாரியம்மன் ஊர்வலம் கேட்டுகிட்ட வந்துச்சு. "பொங்கலை இறக்கி வைங்க. அம்மன் போகலாம்"னு சொல்லிட்டாரு. பூசாரி கெஞ்சினாரு. "சாமிக்கு ஒரு சட்டம், கூனிக்கு ஒரு சட்டமா?"ன்னு கேட்டாரு பாருங்க, அந்தக் கூனி யாருன்னு பூசாரிக்கே இன்னைக்கு வரைக்கும் புரியல. ஒரு தடவ தொரை வீட்டு நாய் எலும்பைக் கவ்விக்கிட்டு வெளிய ஓடிருச்சு. ரப்பர் மரத்துக்கு நடுவுல துரத்தித் துரத்திப் பிடிச்சு, எலும்பைப் பிடுங்கிட்டு வந்தாரு. "எலும்புல கறி ஒட்டிக்கிட்டு இருக்குலா!"

இப்படி இருக்கையில, எங்க பந்து விளையாட்டுக் கோஷ்டிக்கு தொரை ஒரு லாரி குடுத்து, போலீஸ் பாஸும் வாங்கிக் குடுத்து, போர்ட்டிக்சனுக்குப் போயி கடலைப் பார்த்துட்டு வாங்கடான்னு சொன்னாரு. சாப்பாடு அங்க மாமாக் கடையில, அதாவது தமிழ் முஸ்லிம் ஓட்டல்ல. எனக்கோ பசி தாங்காது. கடலைப் பார்த்துக்கிட்டே சோறு திங்கணும்னு வேற ஒரு ஆசை. விடியறதுக்குள்ள நானே புளிச்சோறு கிண்டி, வாழை இலையில மடிச்சு, துண்டால வயித்தோட கட்டி, மேல தொளதொளன்னு ஒரு சட்டையை மாட்டிக்கிட்டேன். கேட்டுல அன்னைக்கு ஒரு புதுப் பையன். தூங்கி வழிஞ்சுக்கிட்டே தடவினான். தாண்டிட்டேன்! ராஜா மாதிரி லாரியில ஏறி உட்கார்ந்தேன்.

பக்கத்துல வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு ஒருத்தர் வந்து உட்கார்ந்தாரு. கைத்தூக்கண்ணன்.

"என்னண்ணே, நீங்க எங்க?"

"எனக்கு இன்னைக்கு லீவுலா. நானும் கடல் பார்த்ததில்ல."

அவருக்கு லீவு, அவரு முழங்கைக்கு லீவு இல்ல. லாரி குலுங்குற குலுக்கல்ல அது என் வயித்துலயே வந்து இடிச்சுச்சு.

"என்னாடா, வயிறு இவ்வளவு கெட்டியா இருக்கு?"

"வாயுண்ணே."

"தண்ணி குடி."

கடலைப் பார்த்ததும் நாங்க எல்லாம் கத்திக்கிட்டு ஓடினோம். அவரு மட்டும் மணல்ல அப்படியே நின்னுட்டாரு. ரொம்ப நேரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தாரு. "இம்புட்டு தொறந்து கிடக்கேடா! இதை யாரு பார்த்துக்கிறது?"ன்னு கேட்டாரு. காலடியில ஒரு நண்டு வளையிலேர்ந்து வந்துச்சு. அவரைப் பார்த்ததும் ரெண்டு கொடுக்கையும் மேல தூக்கிக்கிட்டு நின்னுச்சு. நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். நான் ஜாக்கிரதையாப் பிடிச்சுக்கிட்டேன்.

மத்தியானம் லைட் ஹவுஸ் குன்னுக்கு ஏறினோம். மரமெல்லாம் குரங்கு. சட்டத்தை ஏமாத்தலாம், குரங்கு மூக்கை ஏமாத்த முடியாது. ஒரு தடியன் குதிச்சு வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். பட்டன் தெறிச்சுது. துண்டு அவுந்துது. கைத்தூக்கண்ணன் காலடியில புளிச்சோறு. பாதியைக் குரங்கு அள்ளிக்கிட்டு ஓடிருச்சு. மீதி, இலையோட, எல்லாருக்கும் நடுவுல.

"என்னாடா இது?"

"புளிச்சோறுண்ணே."

அந்த நேரம் பார்த்துத்தானா வரணும்? மேலேர்ந்து ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி, துப்பாக்கியோட ரெண்டு பேரு பின்னால, இறங்கி வர்றான். அண்ணன் என்னைப் பார்த்தாரு. அவனைப் பார்த்தாரு. நாய்கிட்டேர்ந்து எலும்பைப் பிடுங்கின மனுஷன். "இதோ, தோட்டத்துச் சோறு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என் கதை முடிஞ்சுது. மறைச்சார்னு தெரிஞ்சா அவரு கதை எனக்கு முன்னால முடியும்.

சட்டுனு குந்தினாரு. இலையில இருந்ததை ரெண்டு கையாலயும் வாரி வாயில அடைச்சாரு. இலையை வேட்டிக்குள்ள சொருகினாரு. கன்னம் ரெண்டும் தேங்காய் மாதிரி உப்பிருச்சு. சோறா அது? என்னோட ஜெயிலை வாயில போட்டு மெல்லுறாரு!

அதிகாரி கிட்ட வந்துட்டான். "அப்பா மக்கான்?"னு மலாய்ல கேட்டான். என்ன திங்கிறேன்னு கேக்குறான். அண்ணனால வாயைத் தொறக்க முடியல. என்ன பண்றதுன்னு தெரியாம கையை நீட்டி வானத்தைக் காட்டினாரு.

சத்தியமா சொல்றேன், அவரு தப்பிக்கத்தான் காட்டினாரு. ஆனா மேல...

கழுகு. ஒண்ணு ரெண்டு இல்ல. கடலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, அலையைத் தொடுற மாதிரி தாழ்வா, கூட்டம் கூட்டமா வந்துக்கிட்டே இருக்கு. கரையைத் தொட்டதும் வெயில் காத்துல ஏறி, எங்க தலைக்கு மேல சக்கரம் மாதிரி சுத்துது. ஒரு சக்கரத்துக்கு மேல இன்னொரு சக்கரம். எங்க மேலெல்லாம் நிழல் ஓடுது. இறக்கை காத்தைக் கிழிக்கிற சத்தம் காதுல விழுது. ஒண்ணு பறக்க முடியாம பக்கத்து மரக்கிளையில வந்து உட்கார்ந்து, அலகைத் தொறந்து மூச்சு வாங்குச்சு. குரங்குகூட சத்தம் போடல. வெள்ளைக்காரன் தொப்பியைக் கழட்டிட்டான். துப்பாக்கிக்காரங்க துப்பாக்கியைக் கீழே சாச்சுட்டு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க. என்ன கேட்டோம்னு அதிகாரிக்கு மறந்தே போச்சு. போறப்போ அண்ணன் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனான்.

அவன் தலை மறைஞ்சப்புறம்தான் அண்ணன் விழுங்கினாரு. கண்ணுல தண்ணி. புளியினாலயா, கழுகுனாலயான்னு கேக்க எனக்குத் துணிச்சல் இல்ல.

"எங்கேர்ந்துடா வருது?"

"சுமத்ராவுலேர்ந்துன்னு சொல்றாங்கண்ணே. நடுவுல உட்காரவே இடம் கிடையாது."

"பாஸ் இல்ல, கேட்டு இல்ல, வாய்க்கு ஒரு பருக்கை இல்ல. கடலையே தாண்டி வந்திருக்கு." கிளையில இருந்த கழுகு எழும்பிப் போற வரைக்கும் அவரு இடத்தை விட்டு அசையல. ஊரடங்குக்கு முன்னால திரும்பணுமேன்னு டிரைவர் கத்து கத்துன்னு கத்தினான். லாரியில வர்றப்பவும் அவரு வானத்தையே பார்த்துக்கிட்டு வந்தாரு. நாளைக்கு என்னைக் காட்டிக் குடுப்பாரோன்னு ராத்திரி பூரா புரண்டேன்.

காலையில ரப்பர் மரத்துல பால் வெட்டப் போற வரிசையில நின்னேன். யூனிஃபார்ம், தொப்பி, அதே முகம். "கையத் தூக்கு!" தூக்கினேன். மத்தவங்களை விட ரெண்டு தடவை கூடவே தடவினாரு. அப்புறம் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாரு:

"டேய், உனக்கு ஒளிக்கவும் தெரியல, சமைக்கவும் தெரியல. உப்பே இல்ல."