தூங்குமூஞ்சியின் நாலு வரி

"உங்க வகுப்புல ஒரு பையன் எனக்கு அறுபது தடவை நன்றி சொல்லியிருக்கான் சார். உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

கல்லூரியில் கணினி இயங்குதளப் பாடம் நடத்தும் வாத்தியார் அந்த மின்னஞ்சலை இன்னொரு முறை படித்தார். எழுதியவர் ஓய்வுபெற்ற பொறியாளர் அம்மாள். மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிப்பதற்கென்றே குட்டியாக ஓர் இயங்குதளம் எழுதி வைத்திருப்பவர். அதன் மூலநிரலில், அதாவது சோர்ஸ் கோடில், ஒரு பக்கத்தை மட்டும் மாதிரிக்கு வெளியே விட்டிருந்தார். முழுசும் வேண்டுமென்றால் காசு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒவ்வொரு மாணவரும் நாலு வரி நன்றி எழுத வேண்டும். முழு நிரலுக்கும் உரிமம் வந்துவிடும்.

வாத்தியார் இத்தனை வருடமும் இயங்குதளத்தைக் கரும்பலகையில் கட்டம் போட்டே ஓட்டியவர். திங்கட்கிழமைக்குள் மூலநிரல் வராவிட்டால் ஆய்வகத்தை வேறு பாடத்துக்குக் கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

விசாரித்ததில் விஷயம் சுலபமாக விளங்கியது. நன்றியை எழுதியவன் கடைசி பெஞ்ச் தூங்குமூஞ்சி. மற்றவர்கள் வழக்கம்போலப் பார்த்து எழுதினார்கள், கீழே இருந்த அவன் பெயர் உட்பட.

"பேரையாவது மாத்தக் கூடாதாடா?"

"அவசரத்துல அனுப்பிட்டோம் சார்."

வாத்தியார் தூங்குமூஞ்சியிடம் திரும்பினார். "உன்னை யாருடா காட்டச் சொன்னது? வெளிய போய் நில்லு! மத்தவங்க எல்லாரும் அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேளுங்க. சொந்த வார்த்தையில!"

இம்முறை எல்லோரும் சொந்த வார்த்தையில்தான் எழுதினார்கள். தப்பு முழுக்கத் தூங்குமூஞ்சியுடையது என்பதை ஐம்பத்தொன்பது விதமாக.

வாத்தியார் தலையில் கைவைத்தபடி அம்மாளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, பசங்க சார்பா நான் மன்னிப்பு..."

"அதை விடுங்க சார். 'இந்த இடத்துல நானும் ஒரு வாரம் முழிச்சேன், வெட்கப்படாதீங்க'ன்னு அந்த மாதிரிப் பக்கத்துல, நிரலுக்கு நடுவுல ஒரு குறிப்பு போட்டிருந்தேன். எல்லா காலேஜ்லயும் 'மாணவ சமுதாயத்தின் சார்பாக'ன்னு ஆரம்பிப்பாங்க. உங்க பையன் மட்டும்தான், 'நான் ஒருத்தன்தான் மக்குன்னு நெனச்சிட்டு இருந்தேன், ரொம்ப நன்றிம்மா'ன்னு எழுதியிருக்கான். அறுபது தடவையும் படிச்சேன். புள்ள எங்க இப்ப?"

"வராந்தாவுல... காத்தாட நிக்கிறான்மா."

"உரிமத்தை அவன் பேருக்கே அனுப்பிட்டேன். யாருக்குக் கொடுக்கணும்ங்கிறது இனிமே அவன் இஷ்டம்."

வாத்தியாருக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் அவரும்தான் முழித்திருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. அம்மாளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

வராந்தாவுக்கு வந்தார். தூங்குமூஞ்சி சுவரில் சாய்ந்து, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கையில் செல்போன், திரையில் அம்மாளின் பதில்.

"தம்பி," என்றார் வாத்தியார், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாணவனை முதல்முறையாக அப்படி அழைத்து. "அந்த சோர்ஸ் கோடு..."

தூங்குமூஞ்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"தாராளமா எடுத்துக்கோங்க சார். நாலு வரி நன்றி எழுதிக் கொடுத்துடுங்க, போதும். என்னுதைப் பார்த்து எழுதாதீங்க."