வலப்பக்கக் கைப்பிடி

இதை எனக்கு முதலில் சொன்னவர் திருகாணியார். பழம் நசுக்கும் இயந்திரங்களும் சாறு பிழியும் இயந்திரங்களும் செய்கிற ஒரு பட்டறையில் வரைபடம் வரைபவர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் "ஒரு திருகாணி போட்டால் சரியாகிவிடும்" என்பார், பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே இருந்த பிணக்குகளை மட்டும் தீர்த்துவைத்திருக்கிறேன். அவருடைய மனைவி பேசிய இடங்களில் கைவைக்கவில்லை. அங்கே திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் காலை, சாப்பாட்டு மேசையில் நான் ஒரு பிரகடனம் செய்தேன்.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்ல யாரும் என் தோளைப் பத்திப் பேசக் கூடாது."

வீட்டில் இருப்பவர்கள் நானும் என் மனைவியும் மட்டுமே. ஆகவே 'யாரும்' என்பது யாரைக் குறிக்கிறது என்பதில் குழப்பமே இல்லை.

"சரிங்க," என்றாள்.

எங்கள் இல்லறத்தில் அவள் எதிர்வார்த்தை இன்றிச் 'சரிங்க' என்று சொன்ன ஒவ்வொரு முறையும் எனக்குச் சரிவுதான் நேர்ந்திருக்கிறது. அன்று அது நினைவுக்கு வரவில்லை. வெற்றி மயக்கம்.

தோளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வலத்தோள் உறைந்துவிட்டது. மருத்துவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், யாரோ அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து மறந்துவிட்டதைப் போல. கை மார்புக்கு மேல் எழாது. எதிர்வீட்டுப் பெண் மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். அவள்தான் பயிற்சிகளைச் செய்து காட்டினாள். முதலில், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, மணியின் நாக்கைப் போல வட்டமாக ஆட்ட வேண்டும். பிறகு கதவின் மேல் கயிறு போட்டு இரு கைகளாலும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். அதன்பின் சுவரில் விரல்களை ஊன்றிப் பல்லியைப் போல மேலே ஏற வேண்டும்.

"செய்யாம விட்டீங்கன்னா கை இப்படியே நின்னுடும் சார்," என்றாள்.

நான் செய்யவில்லை. மணியாகவும் பல்லியாகவும் ஆகும் உத்தேசம் எனக்கு இல்லை என்று கம்பீரமாக அறிவித்துவிட்டேன். உண்மைக் காரணம் வேறு. வலித்தது. அதை ஓர் ஆண்மகன் வெளியே சொல்ல முடியுமா?

ஆனால் பட்டறையில் விஷயம் முற்றிக்கொண்டிருந்தது. என்னுடையது நின்றுகொண்டு வரைகிற ஆளுயரப் பலகை. கணினிகள் வந்த பிறகும் முதலாளி அதை அப்புறப்படுத்தவில்லை. கை எழாமல் போனதும், பலகையின் மேற்பாதி எனக்கு எட்டாத தேசம் ஆயிற்று. எட்டிய பாதிக்குள் இயந்திரத்தை அடக்கவேண்டி வந்தது. விளைவு, மாதந்தோறும் என் இயந்திரங்கள் குள்ளமாகிக்கொண்டே வந்தன.

பிரகடனத்துக்கு மறுநாள் முதலாளி பலகைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன சார், நம்ம மெஷினெல்லாம் ஒவ்வொண்ணா உக்காந்துட்டே வருது?"

"குட்டையா இருந்தா ஆடாம நிக்கும் சார்."

"அது நிக்கும். பழம் போடறவன் தரையில படுத்துல்ல போடணும்?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆப்பிள் அறுவடை முடிவதற்குள் பலகை முழுவதும் நிறைகிறாற்போல் ஒரு படம் வரைந்து காட்டச் சொன்னார். "முடியலேன்னா வருத்தப்படாதீங்க. ஸ்டோர்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு. நல்ல நாற்காலிதான்."

நல்ல நாற்காலிதான் என்று சொன்னாரே, அதுதான் என்னைக் கொன்றது. முப்பது ஆண்டு நின்று வரைந்தவனை உட்காரவைத்து நட்டு எண்ணச் சொல்வது எவ்வளவு பெரிய கருணை. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. வீட்டில் தோளைப் பற்றித்தான் யாரும் பேசக் கூடாதே.

பிரகடனம் செய்த அந்த வாரக் கடைசியில், சமையலறையில் ஒரு மூட்டை ஆப்பிள் நின்றது. மரத்திலிருந்து உதிர்ந்து அடிபட்ட பழங்கள். தோட்டக்காரர்கள் மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

"இவ்வளவு எதுக்கு?"

"சாறு பிழியலாம்னுதாங்க."

"எதுல பிழிவே? துண்டுல முடிஞ்சா?"

"கடையில ஒரு மெஷின் வந்திருக்காம். இதோ விளம்பரம். அதை வாங்கிடலாமான்னு பாக்கறேன்."

என் வீட்டில் வேறொருவன் வரைந்த இயந்திரமா? விளம்பரத்தைப் பிடுங்கிப் பார்த்தேன்.

"இதுக்கு மரையே சரியில்ல."

"மரை கழண்டதுன்னு சொல்றீங்களா?"

"மெஷினைச் சொல்றேன்."

"நானும் மெஷினைத்தாங்க கேட்டேன்."

அன்றே மேசையில் தாளை விரித்தேன். ஆப்பிள் திராட்சையைப் போல இளகிய மனம் படைத்தது அன்று. வெறுமனே அழுத்தினால் ஒரு சொட்டும் கொடுக்காது. முதலில் பற்கள் பதித்த உருளையால் அதை நசுக்கிக் கூழாக்க வேண்டும். அந்தக் கூழைத் துணியில் கட்டி, இடைவெளி விட்ட மரச்சட்டக் கூடைக்குள் இறக்கி, மேலே ஒரு பலகையை வைத்துத் திருகால் அழுத்த வேண்டும். அதிலும் நிதானம் வேண்டும். ஒரு சுற்று, சற்றே பொறுத்து இன்னொரு சுற்று. அவசரப்பட்டால் துணி கிழியும். சாற்றில் இரும்பு பட்டால் கறுத்துவிடும். வந்த சாற்றைப் புளிக்கவிட்டால் அதற்குச் சைடர் என்று பெயர். எங்கள் வீட்டில் எதையும் புளிக்கும்வரை விட்டுவைக்கிற வழக்கம் இல்லை.

வரைந்து முடித்து நீட்டினேன். மனைவி இடக்கையில் கத்தியோடு, ஆப்பிளின் அடிபட்ட பாகங்களைச் செதுக்கியபடியே பார்த்தாள்.

"கைப்பிடி ஏன் இடது பக்கம் இருக்கு?"

என் வலக்கை சுற்றாது என்பதால். அதைச் சொல்ல முடியாதே.

"அது ஒரு புதுமை."

"ஓட்டப்போறது நான். ஊர்ல இருக்கறவங்க எல்லாம் வலது கையால சுத்தும்போது எனக்கு மட்டும் எதுக்குங்க புதுமை?"

நியாயந்தான். ஓட்டுபவர் வசதியே வடிவமைப்பின் முதல் விதி. கைப்பிடியை வலப்பக்கம் மாற்றினேன்.

"இன்னும் கீழ வைங்க. முழங்கால் உயரத்துக்கு."

"குனிஞ்சுல்ல சுத்தணும்?"

"மேல வச்சா அடுப்பு மேடையில இடிக்குது பாருங்க."

அதுவும் நியாயந்தான். பட்டறைத் தச்சரும், பாகங்களைப் பொருத்தும் பிட்டரும் கழிவுத் துண்டுகளைக் கொண்டே செய்து கொடுத்தார்கள். இயந்திரம் வீட்டுக்கு வந்தது. மனைவி கூந்தலை முடிந்துகொண்டு அதன் முன் வீராங்கனையைப் போல நின்றாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. நீங்க ரெண்டு சுத்து சுத்துங்களேன். ஓடுதான்னு பாத்துக்கறேன்."

குனிந்தேன். இடக்கையால் மேசையைப் பற்றிக்கொண்டு, வலக்கையைத் தொங்கவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன்.

"மெதுவாங்க. சின்ன வட்டமா."

வலி காதுவரை ஏறியது. ஆனால் உருளை முதல் ஆப்பிளைக் கடித்த ஓசை இருக்கிறதே, அதை இயந்திரம் வரைபவன் காதால் கேட்க வேண்டும். அடுத்த பழத்தைப் போடச் சொன்னேன். அதற்கடுத்ததையும். மனைவியரின் அகராதியில் 'ரெண்டு' என்பது எண்ணுப்பெயர் அன்று என்பதை மூட்டையில் பாதி தீர்ந்தபோது உணர்ந்தேன்.

அதன்பின் திருத்தங்கள் தொடங்கின. முதலில் கைப்பிடி குட்டையாக இருக்கிறது என்றாள்.

"நீளமா இருந்தா பலம் கம்மியாப் போதும்னு நீங்கதானே சொல்வீங்க?"

என் அறிவியலை எடுத்து என் மேலேயே எறிந்தால் நான் என்ன செய்ய? கைப்பிடி நீண்டது. நான் சுற்றும் வட்டம் பெரிதாயிற்று. 'எனக்கு இன்னும் பழகலை' என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததால், சுற்றுபவன் நானாகவே இருந்தேன்.

அடுத்து, பிழியும் பக்கம்.

"அழுத்தறதை விடத் தளர்த்தத்தாங்க நேரமாகுது. அந்தப் பலகையைக் கயித்துல கட்டி மேல இழுத்துட்டா என்ன?"

இந்த யோசனையில் எனக்குத் தூக்கமே போயிற்று. மரையைச் சட்டென்று விடுவிக்கிற பிளந்த நட்டு ஒன்றைக் கண்டுபிடித்து, உத்தரத்தில் ஒரு கப்பியையும் பொருத்தினேன். இடக்கையால் இழுத்துக் காட்டினேன்.

"கோணுது பாருங்க. ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி இழுங்க."

உண்மையிலேயே கோணியது. மாற்றி மாற்றி இழுத்தேன்.

பிறகு பழம் போடும் வாய்.

"ஏங்க, பழம் உயரத்துலேர்ந்து விழுந்தா இன்னும் நல்லா நசுங்காது?"

நசுங்காது. உருளைக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் நீண்ட குழாயில் பழங்கள் அடுக்காக நின்றால், மேற்பழத்தின் எடை கீழ்ப்பழத்தைத் தள்ளும்; வாய் அடைபடாது. அதை அவளுக்கு விரிவாக விளக்கினேன்.

"உன்னை அறியாமலே ஒரு நல்ல யோசனை சொல்லிட்டே."

"அப்படிங்களா," என்றாள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாய் மார்பளவு உயர்ந்தது. பிறகு மோவாயளவு. பிறகு நெற்றியளவு. ஒவ்வோர் உயர்வுக்கும் நானே ஒரு பொறியியல் காரணம் கண்டுபிடித்தேன் என்பதை இப்போது நினைத்தால் உடல் கூசுகிறது. சக்கைத் துணி உலர்த்தும் கொடிகூட வாரந்தோறும் மேலேறியது. கேட்டதற்கு, காற்று மேலேதான் வருகிறது என்றாள்.

அறுவடை முடியும் தறுவாயில், ஒரு பிற்பகல் எதிர்வீட்டுப் பெண் வந்தாள். இயந்திரத்தைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"அருமையா இருக்கு சார். அக்கா சொன்னபடியே வந்திருக்கு."

"அக்கா எங்கே சொன்னா? இது என் டிசைன்."

என் மனைவி திடீரென்று, ஏற்கெனவே கழுவிய பாத்திரம் ஒன்றைக் கழுவப் போனாள்.

"உங்க அக்கா வசதிக்காகத்தான் கைப்பிடியைக்கூட வலது பக்கம் வச்சேன்," என்றேன்.

"அக்காவுக்கா?" அந்தப் பெண் விழித்தாள். "அக்காவுக்கு இடது கைப் பழக்கமாச்சே?"

நான் மனைவியைப் பார்த்தேன். பாத்திரத்தைத் தேய்த்தது இடக்கை. கத்தி பிடித்தது இடக்கை. கரண்டி, ஊசி, துடைப்பம், கையெழுத்து, இத்தனை மாதமாய் என் சட்டைக்குப் பொத்தான் மாட்டிய விரல்கள், எல்லாம் இடக்கை. சுழலும் தண்டில் மயிரிழைக் கோணல் இருந்தாலும் கண்ணாலேயே கண்டுபிடிப்பவன் நான். பட்டறையில் இதற்காக எனக்கு மாலையே போட்டிருக்கிறார்கள்.

பிறகு மற்றவை வரிசையாக வந்தன. முழங்கால் உயரக் கைப்பிடி: மணியின் நாக்கு. கப்பியில் ஓடும் கயிறு: கதவின் மேல் கயிறு. மேலேறிய வாயும் கொடியும்: பல்லி. நான் வரைந்தது ஆப்பிளைப் பிழியும் இயந்திரம் அன்று. அதில் பிழியப்பட்ட பழம் நானே.

"இது திருகு இல்ல. திருகுதாளம்," என்றேன்.

"ஆமாங்க," என்றாள்.

ஒப்புக்கொண்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னா செஞ்சிருப்பீங்களா?"

"அது வேற விஷயம்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "சட்டை போடும்போது கண்ணை இறுக மூடிக்குவீங்க. நான் பாக்கலைன்னு நெனச்சுட்டு. பட்டறை பிட்டர் வந்து அந்த நாற்காலி விஷயத்தைச் சொன்னாரு. நீங்க சொல்லலை. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இத்தனை மூட்டை வாங்கியிருப்பேனா? எனக்கு ஆப்பிள் சாறு பிடிக்கக்கூடப் பிடிக்காது."

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"எல்லாத்தையும் மேல ஒருத்தன் பாத்துட்டிருக்கான்," என்று வலக்கையை உயர்த்திக் கூரையைச் சுட்டினேன்.

சுட்டிய கை சுட்டியபடியே நின்றது. இருவரும் அதையே அண்ணாந்து பார்த்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். என் தலைக்கு நேர் மேலே என் விரல் இருந்தது, யாரோ நட்டுவிட்டுப்போன விளக்குக் கம்பத்தைப் போல.

எதிர்வீட்டுப் பெண் தலையைச் சாய்த்து அளந்தாள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போகுமா?" என்று என் மனைவி கேட்டாள்.

"போதும்க்கா. இதுக்கு மேல யாருக்கும் போகாது."

மனைவி மறுபடியும் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெடுநேரம் கழுவினாள். குழாயைத் திறக்கவே இல்லை. நான் அருகில் போய் நின்றேன். தோளைப் பற்றிப் பேசக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். உயர்ந்த கையை இறக்கி அவள் தோளில் வைத்தேன்.

மறுநாள் பலகையின் மேல் விளிம்பிலிருந்து வரையத் தொடங்கினேன். மாலைக்குள் தாள் நிறைந்தது. முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கைப்பிடி இடது பக்கம். மரையும் இடது மரை. எல்லாம் தலைகீழா இருக்கே, யாருக்கு சார் இது?"

"வீட்ல ஒருத்தங்களுக்கு."

அவர் தாளின் உச்சியையே சற்று நேரம் பார்த்தார். "அந்த நாற்காலியை நானே எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெற்றியோடு வீடு திரும்பினேன். படத்தைக் காட்டினேன். மனைவி இடக்கை விரலால் அந்தக் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். பிறகு, எதிர்வீட்டுக்கு ஒரு பாக்கி இருக்கிறது என்றாள்.

"என்ன பாக்கி?"

"பீஸுங்க. வாராவாரம் ஜன்னல் வழியா உங்களைப் பாத்துட்டு, அடுத்து எதை எவ்வளவு உயர்த்தணும்னு சொன்னது அந்தப் பொண்ணுதானே? காசு வேண்டாம்னுட்டா. சாறாக் குடுத்துடறேன்னு சொல்லியிருக்கேன்."

"சாறு எங்கே?"

"மேல்தட்டுல. எனக்கு எட்டாது."

எனக்குத் தெரியாமல் எனக்கே நடந்த வைத்தியத்துக்கு, என் கையால் பிழிந்த சாற்றை, என் கையாலேயே எட்டி எடுத்து, எதிர்வீட்டுக்குச் சுமந்துபோய்க் கடனைத் தீர்த்தேன்: பதினான்கு புட்டி.