அந்தரங்கத்துக்கு ஒரு கதவு

சிறுவர்களை இணையத்திலிருந்து முழுமையாகக் காப்பாற்றிய முதல் ஊர் எது என்று உலகம் ஒருநாள் தேடும். தேடிக் களைத்து, கற்பிட்டிக் கரையில் எத்தாளைக்குச் சற்று அப்பால் வந்து நிற்கும். கொழும்பில் அப்போது சிறுவர் இணையப் பாதுகாப்புச் சட்டத்தை இன்னும் வரைந்துகொண்டுதான் இருந்தார்கள். பேச்சுரிமை போய்விடும், அந்தரங்கம் போய்விடும் என்று சிலர் பதாகை பிடித்துத் தாமதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஊர் தாமதிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, பாடசாலை மண்டபத்தில் ‘சிறுவர் இணையப் பாதுகாப்புக் குழு’ உதயமானது. தலைவர், உப்பள முதலாளி நளீம் ஹாஜியார். செயலாளர், பஸீஹா.

பஸீஹாவுக்கு அந்தப் பதவியை வாங்கிக் கொடுத்தது அவளுடைய கையெழுத்து. கூட்டறிக்கையை முதலில் பென்சிலால் எழுதுவாள். பிறகு பேனாவால் எழுதுவாள். அதன் பிறகும் சரிதானா என்று தங்கை அஸ்மியாவிடம் கேட்பாள்.

குழு பிறக்கக் காரணமும் அந்த அஸ்மியாதான். பத்தாம் தரத்தில் படிக்கிறாள். பாடசாலையில் பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்கு இரண்டு வருடமாகக் கதவு இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் குடையை விரித்துப் பிடிப்பாள். பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. அஸ்மியா எடுத்த நாற்பது விநாடிக் காணொளியில் யாருடைய முகமும் இல்லை. குடை மட்டும். கடற்காற்று அடிக்கிறது, குடை மறுபக்கம் மடங்குகிறது, பிடித்திருந்தவளின் குரல் கேட்கிறது: “பயப்படாதடி, நான் கண்ண மூடிட்டன்.” மூன்று நாளில் ஊர் பார்த்தது. நான்காம் நாள் கட்டாரில் இருக்கும் ஊரவர்களும் பார்த்தார்கள்.

இணையம் சிறுவர்களுக்கு எவ்வளவு ஆபத்தானது என்பது அன்றுதான் ஹாஜியாருக்கு விளங்கியது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரே தலைவர்.

முதல் கூட்டத்திலேயே அஸ்மியா அழைக்கப்பட்டு, ஐந்து பெரியவர்கள் பார்த்திருக்க, ‘சிறுவர் நலன் கருதி’ அந்தக் காணொளியைப் ‘பொய்ச் செய்தி’ என்று அழித்தாள். அடுத்து, பதினாறு வயதுக்குட்பட்ட எல்லோரும் பெயர், பிறந்த திகதி, படம், கடவுச்சொல் அனைத்தையும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானமானது. எல்லாம் தடித்த அட்டை போட்ட ஒரே குறிப்பேட்டில், ஒரு சீ.ஆர். கொப்பியில்.

மீன் விற்கும் மாக்கிறட் எழுந்தாள். குடை பிடித்தவள் அவளுடைய மகள் டயனா.

“ஹாஜியார், அந்தக் கொப்பிய ஆராவது தூக்கிக்கொண்டு போனா?”

“ஆரு தூக்குற? அதுல புள்ளையள்ட அந்தரங்கம் இரிக்கி.”

“அதத்தான் நானும் கேக்கிறன்.”

“மாக்கிறட், உங்களுக்குப் பாதுகாப்பு வேணுமா, வேணாமா?”

“டொய்லட்டுக்குக் கதவு வேணும்.”

“அது நிகழ்ச்சி நிரல்ல இல்ல.”

பஸீஹா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாள். இல்லைதான். தயாரித்தவள் அவளே. ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தாள். செயலாளர் இடையில் பேசலாமா என்பது குழுவின் யாப்பு விதிகளில் தெளிவாக இல்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கொப்பியோடு தங்கைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“பாஸ்வேட்டச் சொல்லு.”

“நீங்களா ராத்தா எழுதுறீங்க இத?”

“செயலாளர்தானே எழுத வேணும்.”

“அப்ப எழுதுங்க. கதவு எப்ப வரும். இடைவெளி விடாம, ஒரே சொல்லா.”

பஸீஹா இடைவெளி விடாமல் எழுதினாள். ஒரு கிழமையில் கொப்பி நிறைந்தபோது, ஐம்பத்தெட்டுப் பெண்பிள்ளைகளின் கடவுச்சொல்லும் அதுவாகவே இருந்தது. இளைய தலைமுறையின் ஒற்றுமையைக் குழு பாராட்டியது.

கதவு வரவும் செய்தது. கட்டாரில் வேலை செய்யும் பழைய மாணவன் றிப்னாஸ், காணொளி அழிவதற்குள் பார்த்துவிட்டான். மதுரங்குளியிலிருந்து லொறியில் வந்து இறங்கியது தேக்குக் கதவு. இரண்டு தாழ்ப்பாள், ஒரு பூட்டு. உடனே அவசரக் கூட்டம்.

“இத டொய்லட்டுக்குப் போட்டா, முந்திக் கதவு இருக்கல்ல என்டு நாமளே ஒத்துக்கொண்டதாப் போகும்,” என்றார் ஹாஜியார். “பொய் என்டுதானே அழிப்பிச்ச.”

“அப்ப திருப்பி அனுப்புறதா?” என்று கேட்டார் உப தலைவர் அக்மல் சேர்.

“இப்பிடிக் கதவ ஆரும் திருப்பி அனுப்புவாங்களா? கொப்பி வெச்ச அறைக்குத் திரைச்சீலை மட்டுந்தானே தொங்குது. மாக்கிறட் கேட்டதும் நியாயந்தான்.”

பஸீஹா முதன்முறையாக வாய் திறந்தாள். “ஹாஜியார், றிப்னாஸ் நானா புள்ளையளுக்குத்தானே அனுப்பின.”

“கொப்பிக்குள்ள இரிக்கிற ஆரு, மகள்? புள்ளையள்தானே.”

பஸீஹா அதையும் எழுதினாள்.

புதன்கிழமை, கொப்பி அறையில் பொருத்திய கதவுக்கு நாடா வெட்டப்பட்டது. “இனி நம்மட புள்ளையள்ட அந்தரங்கத்த ஒருத்தரும் எட்டிப் பார்க்க ஏலாது,” என்றார் ஹாஜியார். கைதட்டினார்கள். பஸீஹாவும் தட்டப் போனாள். மைதானத்துக்கு அப்பால், மலசலகூட வாசலில் அஸ்மியா நின்றுகொண்டிருந்தாள், காற்றுக்கு எதிராக இரண்டு கையாலும் குடையைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு.

அன்றைய கூட்டறிக்கையைப் பஸீஹா நேரே பேனாவால் எழுதினாள். யாரிடமும் கேட்கவில்லை. தன் சொந்தக் குழுவின் அறிக்கையை வாசித்துப் பார்க்கும் அளவுக்கு ஹாஜியார் சந்தேகப் பிராணி அல்ல. வழமைபோல் கையொப்பமிட்டார். மறுநாள் அது விளம்பரப் பலகையில் இருந்தது. மாக்கிறட் அதைப் படமெடுத்துக் கட்டாருக்கு அனுப்பினாள்.

“எமது ஊரில் கொப்பிக்குக் கதவு உண்டு. அதில் பெயருள்ள ஐம்பத்தெட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் குடை உண்டு. கொப்பியை யாரும் பார்க்கக் கூடாது என்றும், குடையை யாரும் காட்டக் கூடாது என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சரியெனக் கண்டேன்: நளீம், தலைவர்.”