சொல்லிக்கொள்ளாமல் வைத்த போன்

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சொந்த வியாபாரத்தையும் சேர்த்து அடக்கம் செய்துவிட்டு வந்தவன், எங்கள் போடியில் நான் ஒருவன்தான். (இதற்காக நான் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்கவில்லை.)

மாமாவின் ஏலக்காய்க் கடையில் எனக்கு ‘வெளிநாட்டு மேலாளர்’ பதவி. தகுதி, ஆன்லைனில் மூன்று வாரம் படித்த வணிக நாகரிக வகுப்பு. சிரித்த முகம், கண்ணைப் பார்த்துப் பேச்சு எல்லாம் அத்துப்படி.

ஜெர்மனியில் ஸ்டெஃபான் என்பவர் ஒரு வருடத்துக்கு எங்கள் காயை வாங்குவதாக இருந்தது. அது கைகூடினால்தான், காய் தரம் பிரிக்கும் பெண்கள் எட்டுப் பேருக்கும் தொடர்ந்து வேலை. வெள்ளிக்கிழமை வீடியோவில் கடைசிப் பேச்சு. அன்று காலை அவரிடமிருந்து மெயில்: அப்பா இறந்துவிட்டார், ஆனாலும் குறித்த நேரத்தில் பேசலாம்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். “அப்பனப் பறிகொடுத்தவன்கிட்ட ஏவாரமாடா பேசுவ? மொதல்ல கேதம் கேப்போம்.”

வகுப்பில் இதற்குப் பாடம் இல்லை. தெரியாது என்றால் பதவி என்னாவது?

“துக்கம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதான் மாமா. நம்ம மொறையிலயே கேட்டுருவோம்” என்றேன்.

மாமா, கணக்கர், நான். ஆள் குறைந்தால் மரியாதையில்லை என்று, போடிமெட்டிலிருந்து லோடு கொண்டுவந்த ஜீப்பு டிரைவரையும் பிடித்து உட்கார வைத்தேன். (ஸ்டெஃபான் யாரென்றே அவருக்குத் தெரியாது. அதிகம் கண் கலங்கியவர் அவர்தான்.)

ஸ்டெஃபான் திரையில் வந்து வணக்கம் சொன்னார். கேத வீட்டில் வணக்கம் ஏது? தலையைக் குனிந்துகொண்டோம். ‘நான் பேசுவது கேட்கிறதா?’ என்று மூன்று முறை கேட்டார். மாமா இரு கைகளையும் நீட்டினார், நாங்களும் நீட்டினோம். துக்கக்காரர் அதைத் தொட்டால், விசாரித்தாயிற்று என்று அர்த்தம். எட்டு வெறுங்கைகள் தன்னை நோக்கி வருவதைப் பார்த்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“போதும்டா. சொல்லிக்கிறாம எந்திரி” என்றார் மாமா. கேத வீட்டில் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லக்கூடாதே. இணைப்பைத் துண்டித்தேன்.

திங்களன்று ஸ்டெஃபானிடமிருந்து மெயில் வந்தது: ‘எங்கள் நிபந்தனைகள் உங்களைப் புண்படுத்தியது புரிகிறது, ஏலக்காயைக் குவாத்தமாலாவில் வாங்கிக்கொண்டோம்.’

போன் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன். பிறகு, தான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் கைப்பக்கம் கையைக் கொண்டுவந்திருந்தால் போதும் என்றேன். தன் அலுவலகத்தில் யாரும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றார். குவாத்தமாலாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்தை மாற்ற முடியாது என்றும் சொன்னார். அப்புறம் சொல்லிக்கொள்ளாமலே வைத்துவிட்டார். எங்கள் முறைப்படியா, கோபத்திலா, இன்றுவரை தெரியாது.

அவசரத்தில் நான் பாதியில் போனை வைத்துவிட்டால், மனைவி உடனே திரும்பக் கூப்பிடுவாள். “என்னங்க, இன்னைக்கு எந்த நாட்டுல கேதம்?”

காய் பிரித்த அந்த எட்டுப் பெண்களும் இப்போது ராசிங்காபுரம் பக்கம் களையெடுக்கப் போகிறார்கள். பஸ்ஸ்டாண்டில் என்னைப் பார்த்தால் வரிசையாக நின்று கையை நீட்டுகிறார்கள். ஒவ்வொருவர் கையையும் தொட்டுவிட்டு நகர்கிறேன். சொல்லிக்கொள்ளாமல்தான்.